பெயரில் தொடங்குங்கள்: வன்னியிலிருந்து முதன்முறை விமானம் ஏறுபவர்களுக்கு

விசுவமடுவில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் படிவம் நிரப்பிக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பையோடுதான் வருவார்கள். அவிழ்த்தால் உள்ளே இன்னொரு பை. அதற்குள் நான்காக மடித்த பிறப்புச் சான்றிதழ். மடிப்பு விழுந்த இடமெல்லாம் ஒட்டுநாடா, ஓரத்தில் தண்ணீர் ஊறிக் காய்ந்த மஞ்சள் கறை. 2009 இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்து மாத்தளன் வரை போனபோதும் இடுப்பை விட்டு இறங்காத பை அது. அந்தப் பையையும் தொலைத்துவிட்டு உயிரை மட்டும் கொண்டு வந்து சேர்ந்தவர்களும் வருகிறார்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடவுச்சீட்டுக்கு எவ்வளவு செலவாகும், எத்தனை நாளில் கிடைக்கும்? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: உங்கள் பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? எங்கள் பக்கத்திலிருந்து முதன்முறை வெளிநாடு புறப்படுகிறவர்கள் படும் அலைச்சலில் பெரும்பங்கு பெயரில்தான் தொடங்குகிறது. விமான நிலையத்துச் சோதனையைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் இதைப் பற்றிப் பயப்படுவதில்லை. ஆகவே நான் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாயை விரித்துப் பத்திரங்களை அடுக்குங்கள்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, பழைய கடவுச்சீட்டு இருந்தால் அது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் சுகந்தினி, பள்ளிக்கூடப் பதிவில் சுகந்தி, அடையாள அட்டையில் சுகந்தினிதேவி என்று ஒருவரே மூன்று பேராக இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தகப்பனுடைய பெயரிலும் இதே குழப்பம் வரும். பிறந்த திகதியில் ஒரு நாள் தள்ளியிருந்தாலும் அது வேறொரு ஆளாகத்தான் கணக்கு.

தமிழில் ஒன்றாக இருந்தாலும் ஆங்கிலத்தில் மாறும். கடவுச்சீட்டில் பெயர் ஆங்கில எழுத்தில்தான் பதியப்படும். ‘ந்த’ என்ற ஓசைக்கு ஒருவர் என், ரீ, எச் என்று மூன்று எழுத்துப் போடுவார்; இன்னொருவர் என், டி என்று இரண்டோடு நிறுத்துவார். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்று. இயந்திரத்துக்கு அப்படியில்லை. கடவுச்சீட்டில் உங்கள் படம் இருக்கும் பக்கத்தின் அடியைப் பாருங்கள்: இரண்டு வரிகள், வரிக்கு 44 இடங்கள். குடும்பப் பெயர், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு உங்கள் சொந்தப் பெயர், மிச்ச இடத்தையெல்லாம் அம்புக்குறிகள் நிரப்பியிருக்கும். விமான நிறுவனத்தின் கணினியும் நீங்கள் இறங்கும் நாட்டின் கணினியும் அந்த இரண்டு வரிகளைத்தான் வாசிக்கின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு உலகத்துக்கே வகுத்த முறை இது. 2015 நவம்பர் 24 ஆம் திகதிக்குப் பிறகு இப்படி வாசிக்க முடியாத கடவுச்சீட்டுகள் புழக்கத்தில் இருக்கக் கூடாது என்று முடிவானது.

எந்த ஆங்கில எழுத்துக்கூட்டல் வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானித்து, ஒரு கொப்பியில் எழுதி, குடும்பத்தார் எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள். தகப்பனுடைய பெயரை அண்ணன் ஒரு மாதிரியும் தங்கை ஒரு மாதிரியும் எழுதினால், நாளைக்கு ஒருவர் மற்றவரை அழைப்பதற்கு விண்ணப்பிக்கும்போது “நீங்கள் ஒரே தகப்பனின் பிள்ளைகளா” என்ற கேள்வி வரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதற்கு விடை சொல்லவே சட்டத்தரணிக்குக் காசு கட்டியது.

பெயரைப் பதியும்போது முதலெழுத்தோடு நிறுத்தாதீர்கள். தகப்பன் பெயரையோ கணவன் பெயரையோ முழுவதும் எழுதுங்கள். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. நம் பெயர் முறை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கில்லை.

பத்திரமே இல்லாதவர்கள்

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் அது பெரிய தடையல்ல. பிறப்பைப் பதிந்த பிரதேசத்தின் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்கு விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கம் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். தெரியாவிட்டால் பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவேட்டில் தேடச் சொல்ல வேண்டும். பழைய பள்ளிக்கூட அனுமதிப் பதிவேட்டிலோ சித்தப்பா வீட்டில் கிடக்கும் ஒரு மங்கலான பிரதியிலோ அந்த இலக்கம் இருக்கக்கூடும். தேடிப் பார்க்காமல் போகாதீர்கள்.

பதிவே கிடைக்கவில்லை என்றால் வழி நீளும். பிறப்பைப் பதியாமலே விட்டிருந்தால் காலங்கடந்த பிறப்புப் பதிவு. பதிந்தும் பதிவேட்டில் இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ். இரண்டுக்கும் கிராம அலுவலரின் (விதானையாரின்) உறுதிப்படுத்தல், சத்தியக்கடதாசி, சாட்சி என்று பல படிகள் உண்டு. மாதக்கணக்கில் இழுபடலாம். அதனால்தான் சொல்கிறேன்: டிக்கெட்டைப் பற்றி நினைக்கும் முன்பே விதானையாரைப் போய்ப் பாருங்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, பெற்றோருடன் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பி வந்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். இவர்களிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே இருந்தால் போதாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்திலோ குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அடையாள அட்டை கையில் வந்துவிட்டதே என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். கடவுச்சீட்டு எடுக்கப் போகும் நாளில்தான் தெரியவருகிறது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, அவர்களுடைய பத்திரங்கள் கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கத் தாய் தகப்பன் இருவருடைய சம்மதமும் தேவை. தகப்பன் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால்? இந்தக் கேள்வியோடு வரும் தாய்மாரிடம் நான் மெதுவாகத்தான் பேசுவேன். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்கென்று, காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழ் ஒன்றுக்கு 2016 இல் சட்டம் வழி செய்திருக்கிறது. கணவன் இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போடாமலே பிள்ளையின் அலுவலைப் பார்க்க அது உதவும். அதை வைத்திருப்பவர்கள் கொண்டுபோங்கள். இல்லாதவர்கள் எந்தப் பத்திரத்தை ஏற்பார்கள் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, சொன்னவரின் பெயரையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

விண்ணப்பம்

இதில் சொல்ல அதிகமில்லை; பத்திரங்கள் நேராக இருந்தால் இது ஒரு நாள் வேலை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில். நமக்குக் கிட்டியது வவுனியாக் கிளை. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலும் ஒரு கிளை திறக்கப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி, பூநகரிக்காரர்களுக்கு அது வசதி. மாங்குளம், ஒட்டுசுட்டான், செட்டிகுளம் பக்கம் உள்ளவர்களுக்கு வவுனியாதான் கிட்ட. புறப்படும் முன் 1962 என்ற இலக்கத்துக்கு அழைத்து, முன்பதிவு வேண்டுமா, ஒருநாள் சேவை அந்தக் கிளையில் உண்டா என்று கேளுங்கள். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் வாசலில் திரும்பி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

கே 35 ஏ என்ற படிவம், பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மூலத்தோடு பிரதி, பழைய கடவுச்சீட்டு. படத்தை அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் எடுத்தால் அவர்களே திணைக்களத்துக்கு இணையவழி அனுப்பிவிட்டு ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள். 16 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் விரலடையாளம் கொடுக்க வேண்டும். இதை எழுதும்போது பெரியவர்களுக்குச் சாதாரண சேவை 10,000 ரூபாய், ஒருநாள் சேவை 20,000 ரூபாய். பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்து ஆண்டு செல்லும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுடையது மூன்றே ஆண்டு.

கடவுச்சீட்டு கைக்கு வந்தவுடன், கருமபீடத்தை விட்டு நகராமல் பெயர், திகதி, பிறந்த இடம் மூன்றையும் வாசியுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுக்கட்டும். பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

இப்போது மாறியிருக்கும் விதிகள்

காலாவதித் திகதி வரைக்கும் கடவுச்சீட்டைப் பாவிக்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா போன்றவை நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும் என்கின்றன. பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே அடங்கிய ஷெங்கன் நாடுகளுக்கு, நீங்கள் அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மம்மாக்கள் கல்யாணம், சாமத்திய வீடு என்று தங்கும் நாளைக் கூட்டுவார்கள். அதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

ஐரோப்பாவில் 2025 ஒக்டோபர் 12 முதல் 29 நாடுகளின் எல்லைகளில் ஒரு புதிய முறை படிப்படியாகத் தொடங்கியது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படம், விரலடையாளம், உள்ளே வந்த நாள், வெளியே போன நாள் எல்லாவற்றையும் கணினியில் பதிகிறார்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் விரலடையாளம் எடுப்பதில்லை. முன்பெல்லாம் 90 நாள் விசாவில் போய் இரண்டு மூன்று நாள் கூட நின்றுவிட்டு வந்தவர்கள் உண்டு. இனி அந்தக் கணக்கைக் கணினியே பார்த்துக்கொள்ளும். அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஒரு நாள்கூட மிஞ்ச விடாதீர்கள்.

பிரித்தானியா வேறு வழியில் போகிறது. மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கடவுச்சீட்டில் ஒட்டும் விசா குறைந்து, 2025 ஜூலை முதல் பெரும்பாலும் மின்விசா வந்துவிட்டது. கையில் தொட்டுப் பார்க்க ஒன்றும் இராது; இணையக் கணக்கு ஒன்றுதான் இருக்கும். அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் முகவரிடம் இருந்தால் உங்கள் விசா அவருடைய கையில் இருப்பதாகவே பொருள். உங்கள் சொந்த மின்னஞ்சலில் மட்டுமே கணக்குத் திறக்கச் சொல்லுங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் புதிய இலக்கத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாமல் காசைக் கரைக்கிறது: விமானம் மாறும் இடம். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பாரிஸ், பிராங்பேர்ட் போன்ற ஷெங்கன் விமான நிலையங்களில் வெளியே வராமல் உள்ளேயே விமானம் மாறுவதற்குக்கூடப் பொதுவாக விசா தேவை. லண்டனிலும் அப்படியே. கனடா, அமெரிக்கா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று டிக்கெட் போடும் முன் எந்த ஊரில் மாறுகிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து வேறொரு தனி டிக்கெட்டில் அடுத்த நாட்டுக்குப் போக நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்றால் சென்னையில் குடிவரவைக் கடந்து பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்கள்

இதை மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் போக வேண்டும். முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அது இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதை 1989 என்ற இலக்கத்தில் கேட்டு அறியலாம். “சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் போனவர்களில் சிலர் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். சிலர் ரஷ்யாவின் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 2022 நவம்பரில் பழுதான படகொன்றிலிருந்து காப்பாற்றப்பட்டு வியட்நாமில் கரையேற்றப்பட்ட 303 இலங்கையரின் செய்தியை நாம் எல்லோரும் வாசித்தோம். காணியை ஈடு வைத்த காசு அவர்களில் எத்தனை பேருடைய மடியில் இருந்திருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கடவுச்சீட்டை முகவரின் அலுவலகத்தில் விட்டுவைக்காதீர்கள். தூதரகத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பொதி கட்டும் நாள்

இது வீட்டார் எல்லோரும் கூடும் நாள். ஒருவர் ஒடியல் கொண்டுவருவார், ஒருவர் புழுக்கொடியல், மிளகாய்த்தூள், பனங்கட்டி, மோர் மிளகாய், ஒரு போத்தல் நல்லெண்ணெய். அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எது எங்கே போக வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள்.

திரவம் எதுவும் கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட கொள்கலனில் வரக்கூடாது. பாதி காலியான பெரிய போத்தலும் ஆகாது. கொள்கலனின் அளவுதான் கணக்கு. எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் பிடிக்கும் தெளிந்த பைக்குள் அடங்க வேண்டும். 2006 ஓகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதியொன்று பிடிபட்ட பிறகு வந்த விதி இது. ஊறுகாய், தேன், பற்பசை, தைலம் எல்லாம் திரவமாகவே கருதப்படும். பொதியை முப்பரிமாணத்தில் காட்டும் புதிய ஸ்கேனர்கள் வந்ததால் எடின்பரோ, பர்மிங்காம் போன்ற விமான நிலையங்கள் 2025 இல் இந்த அளவைத் தளர்த்தின. அமெரிக்காவில் 2025 ஜூலை முதல் சப்பாத்தைக் கழற்றும் வழக்கத்தையும் விட்டார்கள். இந்தச் செய்திகளைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு “இனிக் கொண்டுபோகலாம்” என்று மருமகன் சொல்வார். அது அங்கிருந்து புறப்படுகிறவர்களுக்கு. நீங்கள் புறப்படுவது கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து. இடையில் டோஹாவிலோ துபாயிலோ இன்னொரு சோதனையும் இருக்கலாம். 100 மில்லிலீற்றர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்த்தூள், சரக்குத்தூள், திருநீறு இவற்றைக் கைப்பொதியில் வைக்காதீர்கள். ஸ்கேனரில் எந்தத் தூளும் வெறும் தூளாகத்தான் தெரியும். எதன் தூள் என்று பையைத் திறந்து பார்த்துத்தான் அறிவார்கள். பெரிய பொதியில், கடையில் முத்திரையிட்டுக் கட்டிய பக்கெற்றாக, ஆங்கிலத்தில் பெயர் எழுதி வையுங்கள். கோயில் திருநீறு என்றால் ஒரு சிறு மடிப்புப் போதும். கொப்பரை வேண்டாம், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களின் பொதியில் கசகசா ஒரு மணிகூட இருக்கக்கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. கறிக்கலவைக்குள் அம்மா கலந்துவிட்டிருக்கிறாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். ஐரோப்பாவுக்குக் கறிவேப்பிலை, முருங்கையிலை, மாம்பழம் கட்டாதீர்கள்; தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஏற்கமாட்டார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. இறைச்சியும் பால் பொருளும் கூடவே கூடாது. அவுஸ்திரேலியாவில் எந்த உணவென்றாலும் இறங்கும்போது அட்டையில் எழுதிக் காட்டுங்கள். எழுதிவிட்டால் பெரும்பாலும் பொருள்தான் போகும், மறைத்தால் தண்டப்பணம்.

பாக்குவெட்டி, கத்தரிக்கோல், முள்ளு எடுக்கும் ஊசி இவையெல்லாம் பெரிய பொதிக்கு.

மின்கலம் இதற்கு நேர்மாறு: பவர் பேங்க் கைப்பொதியில்தான் இருக்க வேண்டும், பெரிய பொதியில் வைக்கவே கூடாது. 2025 ஜனவரி 28 இல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானமொன்று தரையில் நின்றபடியே எரிந்தது. அதன் பிறகு விமான நிறுவனங்கள் இதில் இறுக்கமாகிவிட்டன. 100 வாட் மணிக்குள் இருந்தால் கொண்டுபோகலாம். கணக்கு எளிது: பெட்டியில் போட்டிருக்கும் மில்லி அம்பியர் மணியை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட் மணி, பயமில்லை. இலக்கம் அழிந்துபோன பழையதை வீட்டில் விட்டுவிடுங்கள். எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்று மட்டும் அனுமதிக்கிறது, விமானத்துக்குள் அதைப் பாவிக்க விடுவதில்லை. சிங்கப்பூர் எயர்லைன்ஸும் விமானத்துக்குள் பாவிக்கத் தடை விதித்திருக்கிறது.

மருந்தை வாங்கிய அட்டையோடு, வைத்தியரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பொதியில் வையுங்கள். டிரமடோல், கோடீன் கலந்த வலி மாத்திரைகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. உரிய அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடாது. பழைய காயத்துக்காக வலி மாத்திரை எடுக்கிறவர்கள் நம்மிடையே நிறையப்பேர். வைத்தியரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

வேறொருவர் கட்டிக் கொடுக்கும் பொதியை, அவர் சொந்த மச்சானாக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள்

எந்த நாட்டு வழிகாட்டியிலும் இதை நான் கண்டதில்லை. வன்னியில் இதை எழுதாமல் விட முடியாது. தோளில், தொடையில், முதுகில் எடுக்க முடியாத உலோகத் துண்டோடு வாழ்கிறவர்கள், எலும்பில் தகடு பொருத்தியவர்கள், செயற்கைக் கால் போட்டவர்கள் நம் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். உலோகம் கண்டறியும் வாசல் அதற்குச் சத்தமிடக்கூடும்.

முள்ளிவாய்க்காலில் காயப்பட்ட ஒரு அக்கா, சுவிஸில் இருக்கும் மகளிடம் முதன்முறை போனபோது, இடையில் ஒரு விமான நிலையத்தில் வாசல் கத்தியது. கையில் பிடித்த கருவியும் வலத் தோளில் கத்தியது. உடையில் ஒன்றுமில்லை. அக்காவுக்கு ஆங்கிலம் வராது. தோளைத் தொட்டுக் காட்டி அழுதிருக்கிறார். அவர்கள் தனியறைக்கு அழைத்துப் போய் விளங்கிக்கொள்வதற்குள் அடுத்த விமானம் போய்விட்டது. இரண்டாம் முறை புறப்படும்போது என்னிடம் வந்தார். அரசாங்க வைத்தியசாலை வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கினோம்: உடம்பின் எந்த இடத்தில், எத்தனை உலோகத் துண்டு, எடுக்க முடியாதது ஏன். அதனோடு எக்ஸ்ரேயின் பிரதி ஒன்று. வாசலுக்குள் நுழையும் முன்பே கடிதத்தை நீட்டச் சொன்னேன். பெண் அதிகாரி ஒருவர் வாசித்தார், தோளில் மெல்லக் கை வைத்துப் பார்த்தார், உள்ளங்கையை ஒரு துணித்துண்டால் துடைத்து இயந்திரத்தில் வைத்தார். ஐந்து நிமிடம். அந்தக் கடிதத்தை அக்கா இப்போதும் கடவுச்சீட்டின் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

செய்ய வேண்டியது இதுதான். கடிதத்தை முன்கூட்டியே வாங்குங்கள். வாசல் கத்தும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். பெண்களைப் பெண் அதிகாரியும் ஆண்களை ஆண் அதிகாரியும்தான் தொட்டுச் சோதிக்க வேண்டும். வேண்டுமானால் தனியறை கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை. செயற்கைக் கால் உள்ளவர்கள் கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் உட்கார நாற்காலி தருவார்கள்.

அந்தத் துணித்துண்டுச் சோதனை வெடிபொருளின் தடயத்தைத் தேடுவது. உரம் அள்ளிய கையும் வயலுக்குப் போட்டுத் திரிந்த சப்பாத்தும் சிலவேளை அதைக் குழப்பும். புறப்படும் முன் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி, வேறு செருப்போ சப்பாத்தோ போட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாள்

சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்களுக்கு இப்போது பலாலி இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் கட்டுநாயக்கதான். கொழும்புக்குப் போகும் பஸ்கள் பல புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போவதால், அவற்றில் ஏறினால் கொழும்பு வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. கட்டுநாயக்கவில் இறக்கிவிடச் சொல்லுங்கள். வான் பிடித்துக் குடும்பமாகப் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியாவில் ஒரு தேநீர் குடித்து என்று நேரத்தை விட்டுவிடுவார்கள். பிள்ளையாரைக் கும்பிடுங்கள், ஆனால் விமானம் புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வாசலில் நிற்கும்படி கணக்குப் போடுங்கள். வழியனுப்புகிறவர்கள் கடைசி வரை கூட வர முடியாது. கட்டிப்பிடித்து அழுவதற்கும் அந்தக் கணக்கில் இடம் வையுங்கள்.

உள்ளே நுழையும்போது ஒரு ஸ்கேனர், பிறகு பொதி ஒப்படைத்து இருக்கை அட்டை வாங்குதல், பிறகு குடியகல்வு, விமானம் ஏறும் முன் இன்னொரு சோதனை. தொலைபேசி, இடுப்புப்பட்டி, சில்லறைக்காசு எல்லாவற்றையும் தட்டில் போடுங்கள். கழற்ற முடியாத தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியதில்லை, கேட்டால் காட்டுங்கள்.

இறங்கும் நாட்டு அதிகாரி மூன்று கேள்வி கேட்பார்: எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள். தங்கும் வீட்டு விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். தொலைபேசிக்குள் மட்டும் வைக்காதீர்கள், மின்கலம் இறங்கிப்போகும். கேள்வி விளங்காவிட்டால் ஆமாம் என்று தலையாட்டாதீர்கள். தமிழ் என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்துத் தருவார்கள்.

வெளிநாட்டில் கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் அங்குள்ள பொலிஸில் முறைப்பாடு, பிறகு அந்த முறைப்பாட்டுப் பிரதியோடு கிட்டிய இலங்கைத் தூதரகம். அங்கே அவர்கள் கேட்பது பழைய கடவுச்சீட்டின் இலக்கமும் பிறப்புச் சான்றிதழின் பிரதியும். ஆகவே புறப்படும் முன் படமுள்ள பக்கம், விசா, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் இரண்டிரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பெரிய பொதியில் வைத்து, மற்றதை வீட்டில் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.